ஆமாஞ்சாமி

யார் எதைக் கேட்டாலும் "ஆமா" என்று தலையாட்டுவதால், சிறையில் அவனுக்கு ஆமாஞ்சாமி என்றே பெயர். ஓங்குதாங்கான ஆள், பிறவியிலேயே புத்தி வளர்ச்சிதான் குறைவு.

"இது என் போர்வைதானேடா?" என்று அதட்டுவான் பக்கத்தில் படுப்பவன்.

"ஆமா."

போர்வை போய்விடும். விடிய விடிய நடுங்கிக்கொண்டு கிடப்பான்.

இவனைப் போன்ற கைதிகளுக்குப் பாடம் சொல்லித்தர வரும் டீச்சருக்கு இதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "உண்மை இல்லேன்னா 'இல்லை'ன்னு சொல்லணும்ப்பா. யாரு அதட்டினாலும் பயப்படக் கூடாது" என்று மாதக்கணக்கில் சொல்லிக் கொடுத்தாள்.

ஒருநாள் போர்வை அவனிடமே தங்கியது. டீச்சருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அவனை முன்கூட்டியே விடுதலை செய்வதற்கான விசாரணை வந்தது. டீச்சரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நன்னடத்தையில் ஒரு குறையும் இல்லை. அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"செஞ்ச தப்பை ஒத்துக்கிட்டா வீட்டுக்குப் போயிடலாம். கடைக்குத் தீ வெச்சது நீதானே?"

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இல்லை."

அதிகாரியின் முகம் மாறியது. "போலீஸ்ல நீயே ஒத்துக்கிட்டதுதானே? இன்னும் திருந்தலை!" என்று வழக்குக் கோப்பை மூடிவிட்டார்.

வெளியே வந்ததும் டீச்சர் அவன் கையைப் பிடித்தாள். "அப்போ போலீஸ்ல ஏன்ப்பா 'ஆமா'ன்னே?"

"அப்ப நீங்க இன்னும் சொல்லித் தரலையே டீச்சர்!"

அவன் முகமெல்லாம் சிரிப்பு. "இன்னிக்கு நான் சரியாத்தானே சொன்னேன்?"

டீச்சர் தலையை ஆட்டினாள்.

"ஆமா."