ஓட்டுவது யார்?

"படகுல ஏறி உக்காந்துட்டு நான் எப்படிம்மா கண்ணை மூடுவேன்? அப்புறம் யாரு ஓட்டுறது?"

ஃபிர்மன் கேட்டதும்தான் நர்ஸ் கொராலிக்குத் தன் தவறு உறைத்தது. கிழவர் லியேஜுக்கும் நமூருக்கும் நடுவே மியூஸ் ஆற்றில் வாழ்நாளெல்லாம் சரக்குப் படகு ஓட்டியவர். படகு என்றால் அவருக்கு வேலை. பாலம், மதகு, எதிரே வரும் இன்னொரு படகு. ஓய்வெடுக்கச் சொல்லிக் கற்பனையில் அவரை அதிலேயே ஏற்றியிருக்கிறாள்.

நோயாளிக்குப் பிடித்த இடம் எது என்று முதலில் கேளுங்கள். வலி தெரியாமல் கட்டு மாற்ற நர்ஸ்களுக்குத் தரும் ஹிப்னாடிசப் பயிற்சியின் முதல் பாடமே அதுதான்.

அவளுக்குப் பின்னால், ஜன்னலோரம், தலைமை அறுவை மருத்துவர் கொலிஞோன் உட்கார்ந்திருந்தார். கட்டுப் போடுகிறவர்கள் கட்டுப் போட்டால் போதாதா, திருவிழா வித்தை எதற்கு என்று காலையில் காபி குடிக்கும்போதே எல்லார் முன்பும் கேட்டிருந்தார். ஒரே ஒரு தடவை வந்து பார்ப்பாராம். பலிக்கவில்லை என்றால் நர்ஸ்களுக்கான பயிற்சியை அன்றே நிறுத்திவிடுவாராம்.

வேறு இடத்துக்கு மாற்றிப் பேச அவளுக்குத் துணிவு வரவில்லை. தண்ணீர் அமைதியாக ஓடுகிறது, முதுகில் இளவெயில் படுகிறது, செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போனாள். கால் புண்ணில் ஒட்டியிருந்த துணியை மெல்ல உரித்தாள்.

ஃபிர்மன் போட்ட கெட்ட வார்த்தை வராந்தா வரை கேட்டது. இது படகா, கசாப்புக் கடையா என்றும் கேட்டார்.

மீதிக் கட்டை எப்படிப் போட்டு முடித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. காது மடல் சுட்டது. திரும்பிப் பார்க்க முகமில்லாமல், புதுக் கட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"தப்பு என்னோடதுதான் டாக்டர். கேக்காமலே படகுல ஏத்திட்டேன். மத்த பொண்ணுங்க என்னை விட நல்லா செய்வாங்க. என்னால அவங்க பயிற்சியை நிறுத்திடாதீங்க."

பதில் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த மௌனத்தில் உடம்பே கூசியது. கண்ணில் நீர் முட்டியது.

ஃபிர்மன் அவள் முழங்கையைத் தொட்டார்.

"அவர் காதுல எதுவும் விழலம்மா," என்று கிசுகிசுத்தார். "நீ ஏறச் சொன்னதுமே அந்த மனுஷன் ஏறிட்டாரு. அதான் நான் கண்ணை மூடாம ஓட்டிக்கிட்டிருக்கேன்."

கொராலி திரும்பினாள். டாக்டரின் கண்கள் மூடியிருந்தன. நாற்காலிக்கு வெளியே தொங்கிய அவர் கை, தண்ணீரை அளைவதுபோல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.