வரைபடத்தில் கரியாலூர்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு எதிரே டீ குடித்தபடி, எந்த ஊரை ஏமாற்றலாம் என்று தமிழ்வேந்தன் விஞ்ஞானபூர்வமாக ஆராய்ந்துகொண்டிருந்தான்.

'ஸ்டார்ட்-அப் நிதி' என்று எந்த ஊர்க்காரர்கள் இணையத்தில் அதிகம் தேடுகிறார்கள் என்று காட்டும் வரைபடம் அவன் செல்போனில் விரிந்திருந்தது. கள்ளக்குறிச்சி வெளிறிக் கிடந்தது. மணலூர்பேட்டையில் பெயருக்குக்கூட நிறமில்லை. கல்வராயன் மலையில் கரியாலூர் மட்டும் அடர்நீலம்.

"இன்னாடா இது? சிக்னலே கம்மி, அங்க போயி இவ்ளோ தேடுறாங்களா?" என்றான் கூட்டாளி அஜித்.

"ஆசை ஜாஸ்தியா இருக்கிற எடத்துலதான்டா நமக்கு வேலை. மத்தவன்லாம் கண்ண மூடிக்கினு போயி மாட்டிக்கிறான். நம்மகிட்ட டேட்டா இருக்குது."

மறுநாள் காலை, இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையும் கழுத்தில் 'திட்ட இயக்குநர்' அட்டையுமாக இருவரும் பைக்கில் மலையேறினார்கள்.

கரியாலூரில் சாமையும் தேனும் விற்கும் மகளிர் குழுவுக்குத் தனுஷாதான் தலைவி. 'ஸ்டார்ட்-அப் நிதி' என்று தமிழ்வேந்தன் வாயைத் திறந்ததுமே அவள் முகம் பிரகாசமானது.

"உள்ள வந்து உக்காருங்க சார். எல்லாரையும் கூப்புடுறேன்."

அரை மணி நேரத்தில் குழுக் கட்டடம் நிறைந்துவிட்டது. மோர் வந்தது. பலாச்சுளை வந்தது. தமிழ்வேந்தன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தான். கம்பெனி உங்களுடையது, முதலீடு அரசாங்கத்துடையது, ஆதார் நகல் மட்டும் கொடுத்தால் போதும்.

"செல்லுக்கு ஓடிபி வந்தா உங்ககிட்ட சொல்லணுங்களா சார்?" என்று கேட்டாள் குழுவிலிருந்த கொளஞ்சியம்மாள்.

"உடனே சொல்லணும்மா. வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. காலம் கெட்டுக் கெடக்குது."

"சார், இன்னொரு வாட்டி சொல்லுங்க. வீடியோ எடுத்துக்கிறோம்" என்றாள் தனுஷா.

தமிழ்வேந்தன் தலையை வாரிக்கொண்டு, முகமும் அட்டையும் தெளிவாகத் தெரியும்படி நின்று, முழுவதையும் மறுபடி சொன்னான். இவ்வளவு அக்கறையாகக் கேட்கும் ஜனங்களை அவன் தொழிலில் பார்த்ததே இல்லை. லேசாக மனசாட்சி உறுத்தியது. இன்னொரு பலாச்சுளை தின்றதும் சரியாகிவிட்டது.

அஜித் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுப் பதறினான். "டேய், பைக்கக் காணோம்டா!"

"வெயில்ல நின்னுச்சு சார். பத்திரமா உள்ள தள்ளிப் பூட்டி வெச்சிருக்கோம்" என்றது ஒரு குரல்.

தமிழ்வேந்தன் உருகிப்போனான்.

"ஏம்மா, இத்தன ஊரு இருக்க, இந்த நிதி மேல உங்க ஊருக்கு மட்டும் எப்படி இவ்ளோ ஆர்வம்?"

தனுஷா வீடியோவை யாருக்கோ அனுப்பிவிட்டு நிமிர்ந்தாள். வெளியே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"ஆர்வம்லாம் இல்ல சார். போன மாசம் இதே நிதிய வாங்கித் தரேன்னு சொல்லி ஒருத்தன் எங்க பணத்தச் சுருட்டிக்கினு போயிட்டான். அன்னைலர்ந்து ஊரே செல்லும் கையுமா அவனத்தான் தேடிக்கினு இருக்குது."