இருபது மீட்டர்

1977. அடையாற்றில் ஓர் ஆய்வுக்கூடம். முற்பகல் பதினொரு மணி. குளிர்சாதன அறையின் பச்சைத் திரைச்சீலைக்குப் பின்னால், இடக்காதில் தொலைபேசியை அணைத்தபடி, கணினியின் தட்டச்சுப் பலகை முன் ஜலஜா அமர்ந்திருக்கிறாள். அளவுக்கருவிகளையும் கணினியையும் இணைக்கும் கேபிள் இருபது மீட்டரைத் தாண்டலாகாது, தாண்டினால் அளவீடுகள் வந்து சேரா என்று வரைபடத்தில் எழுதியவள் அவள்தான். சோதனை நடக்கும் கொட்டகையில், பார்க்க வரும் விருந்தினருக்கு வியர்க்கும் என்பதற்காக இயக்குநர் சுவாமிநாதன் கணினியை இங்கே மாற்றிவிட்டார். புதுக் கம்பளத்தின் அடியில் நாற்பத்திரண்டு மீட்டர் கேபிள் ஊமையாய்க் கிடக்கிறது. அவளுடைய பணி நிரந்தர ஆணை அவருடைய கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. ஆகவே, கேபிள் வழி வருவதுபோல் எண்களை மறைவிலிருந்து அடிக்கச் சொன்னபோது அவள் மறுக்கவில்லை. கொட்டகையில் கான்கிரீட் உத்தரத்தின்மேல் எடை ஏறுகிறது. உத்தரம் எவ்வளவு வளைகிறது என்று காட்டும் கருவியைப் பார்த்து, அங்கே நிற்கும் உதவியாளர் கபாலி தொலைபேசியில் சொல்லும் எண்களை அவள் அடிக்கிறாள்; திரைக்கு அப்பால், விருந்தினர் முன்னிலையில், அவை அச்சாகின்றன.

"நெம்பர் நிக்காம ஓடிக்கினே கீது மேடம், எத்த சொல்றது?"

சுவாமிநாதன் திரைக்குள் தலையை நீட்டுகிறார். "என்னம்மா, பேப்பர் நின்னுடுத்தே! எதையாவது அடி."

அவள் முந்தைய எண்ணையே அடிக்கிறாள்; மீண்டும் அதையே.

"இத்தனை எடைக்கும் உத்தரம் அசையவே இல்லையே!" என்று விருந்தினர் வியக்க, கைதட்டல் எழுகிறது.

"விரிசல் உட்டுகினு போவுது மேடம்! கேக்குதா?"

அவளுக்குக் கேட்கிறது. அதே எண்ணை இன்னொரு முறை அடிக்கிறாள்.