பாதிக் கதைகள்

மருத்துவர் அறையின் சன்னலுக்கு வெளியே மேகங்கள் மெல்ல மிதந்துகொண்டிருந்தன. அவற்றோடு தானும் மிதந்துகொண்டிருந்த எட்டு வயதுச் சிறுமி, "மாத்திரை" என்ற சொல் காதில் விழுந்ததும் தரையிறங்கினாள். கவனச் சிதறலுக்கான அந்த மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்று அஞ்சினாள்.

"மதியச் சாப்பாட்டு டப்பா ஊரைச் சுத்திப் பாத்துட்டு அப்படியே வீடு திரும்புது, டாக்டர்," என்றார் அப்பா. "ரெண்டு கிலோ குறைஞ்சாச்சு. ராத்திரி தூக்கமும் இல்ல."

அருகிலிருந்த அம்மா தலைகுனிந்து புன்னகைத்தாள்.

"இந்த மாத்திரை பசியைக் கொஞ்சம் அடக்கும். காலையில நேரத்தோட எழுந்து, வயிறு நிறையச் சாப்பிட்டதும் போட்டுடணும். லேட்டானா தூக்கம் கெடும். அப்பவும் சரியாகலன்னா அளவைக் குறைக்கலாம்," என்றார் மருத்துவர்.

"பேசாம நிறுத்திட்டா என்ன?" என்று கேட்டார் அப்பா.

"நிறுத்தக் கூடாது!" சிறுமி எழுந்தே விட்டாள்.

மருத்துவர் சிரித்தார். "உனக்கென்னம்மா கவலை? மாத்திரை போட்டுக்கிறது உங்கம்மாதானே?"

"அதனாலதான் சொல்றேன். அம்மா கதை சொன்னா பாதியிலயே எழுந்து எங்கயாவது போயிடுவாங்க. கதைன்னாலே பாதிதான்னு நெனச்சுட்டிருந்தேன். ஒரு வருஷமா ஆத்து நடுவுல கல்லு மேல நின்ன முயல், போன வாரம்தான், டாக்டர், கரைக்கு வந்துச்சு!"

அப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"நாளையிலேர்ந்து காலைச் சமையல் என்னோடது," என்றார். "நீ சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்."