புளிச்சகீரைத் தொட்டி

கத்தரிக்கோலுடன் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

கீழ்க்கிளைகள் மொட்டை.

உச்சியில் பூக்கொத்துகள் பத்திரமாக இருந்தன. அவற்றை இன்று அறுத்துவிடலாம் என்றுதான், ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, குளிக்காமல்கூட மொட்டைமாடிக்கு ஏறி வந்திருந்தான். உச்சியை யாரும் தொடவில்லை. இலைகளை மட்டும் நகத்தால் கிள்ளியிருந்தார்கள்.

அணில் இல்லை. அணிலுக்கு இவ்வளவு பதவிசு வராது.

கீரை ஆய்ந்து பழகிய கை.

தொட்டியில் வெள்ளைப் பெயிண்டால் எழுதியிருந்தது: புளிச்சகீரை.

எழுதியவன் அவன்தான். புளிச்சகீரைக்கும் இந்தச் செடிக்கும் இலை ஒரே சாயல், விரல் விரித்தாற்போல. எழுதிய அன்று தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டான். அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து நின்று, மாடியில் இருக்கும் கீரையை யார் வேண்டுமானாலும் கேட்காமலே கிள்ளிக்கொள்ளலாம் என்று அறிவித்தவனும் அவன்தான். கை தட்டினார்கள். கை தட்டினால் அவன் எதையும் சொல்லிவிடுவான்.

கஞ்சா வளர்க்குமளவுக்கு அவன் பெரிய ஆள் இல்லை. அலுவலக நண்பர் ஒருவர் இமயமலை யாத்திரை போய்விட்டு, விபூதியோடு நாலு விதையும் கொண்டுவந்து கொடுத்தார். விதை என்று கைக்கு வந்துவிட்டால் அவனுக்குப் போடாமல் இருக்கத் தெரியாது. போன தடவை அறுத்ததைக் காயவைத்துப் பாலில் கலந்து குடித்தான். ஒரு சாயங்காலம் முழுக்கக் குரோட்டன்ஸைப் பார்த்துச் சிரித்தான். பிறகு ரோஜாச் செடியிடம் எதற்கோ மன்னிப்புக் கேட்டான்.

அவனுடைய குற்ற வாழ்க்கை மொத்தமும் அவ்வளவுதான்.

செல்போனை எடுத்துப் பார்த்தான். அவன் தூங்கிக்கொண்டிருந்தபோது வந்த குரல்பதிவு ஒன்று இருந்தது. இரண்டாம் மாடி செல்வராணி.

“அண்ணே, புளிச்சகீர கொஞ்சம் கிள்ளிக்கிட்டேன். தேனு முழுகாம இருக்காள்ல, புளிப்பா எதாச்சும் குடுன்னு உசுர எடுக்குறா. உங்க பஞ்சகவ்யம் என்னமா நாறுது, நாலு தண்ணி ஊத்திக் கழுவிட்டேன்.”

தேனு என்கிற தேன்மொழி, செல்வராணியின் மகள்.

செல்வராணியின் கணவர் பூமிராஜன், சப்-இன்ஸ்பெக்டர்.

கீழேயிருந்து பூண்டு தாளிக்கும் வாசனை ஏறி வந்தது.

அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தான்.

சும்மா இருந்துவிட்டால்?

தலை சுற்றினால் மசக்கை என்பார்கள். வாந்தி எடுத்தாலும் மசக்கை. ஒருவரும் மாடிப்பக்கம் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. சொன்னாலோ, கைது. வேலை போகும். பேப்பரில் படம் வரும், செடியோடு. படத்தில் செடி நன்றாகவே இருக்கும்.

யோசனை இவ்வளவு சீராக ஓடியதைக் கண்டுதான் அவனுக்குப் பயம் வந்தது.

இறங்கி ஓடினான். வழியில் ஒரு செருப்பு கழன்றது. நிற்கவில்லை. ஓடிக்கொண்டே ஒரு பொய்யைத் தயார் செய்தான்.

கதவைத் திறந்தவர் பூமிராஜன். இடுப்பில் லுங்கி, பாதி முகத்தில் சவர நுரை. அவர் முதலில் பார்த்தது கத்தரிக்கோலை. அது இன்னும் கையில் இருப்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

உள்ளே சாப்பாட்டு மேசையில் தேன்மொழி தட்டின்முன் உட்கார்ந்திருந்தாள். செல்வராணி சட்டியைச் சாய்த்துப் பிடித்துக் கீரையைக் கடைந்துகொண்டிருந்தாள்.

கீரைக்குப் பூச்சிமருந்து அடித்திருப்பதாகவும், சொல்ல மறந்துவிட்டதாகவும், தொட வேண்டாமென்றும் மூச்சு வாங்கச் சொன்னான்.

தேன்மொழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அங்கிளாவது மருந்து அடிக்கிறதாவது. புழுவக்கூட போயிட்டு வாங்கன்னு வழியனுப்பி வைக்கிற ஆளு.”

செல்வராணியும் சிரித்தாள். இயற்கை முறை பற்றிக் கட்டடத்தில் அவனிடம் வகுப்புக் கேட்காத ஆளே கிடையாது. தன் கீரை கொஞ்சம் குறைந்துவிடும் என்று அண்ணனுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது என்று கேலி செய்துகொண்டே, ஒரு கரண்டி எடுத்து மகளின் சோற்றில் விட்டாள்.

தேன்மொழி பிசைந்தாள்.

அவன் பூமிராஜனின் காதருகே போனான். நுரை அவன் கன்னத்தில் ஒட்டியது.

“சார், அது கீரை இல்ல. நீங்க பொட்டலம் பொட்டலமா புடிப்பீங்களே, அது.”

பூமிராஜன் அவனை ஒரு கணம் பார்த்தார்.

பிறகு இரண்டே எட்டு. மகளின் மணிக்கட்டைப் பிடித்தார். உருட்டிய கவளம் தட்டில் விழுந்தது. வாயில் வைத்தாயா என்று கேட்டார். இல்லப்பா என்றாள். நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்தார். சட்டியை முகர்ந்தார்.

செல்வராணி கரண்டியோடு நின்றாள்.

“மருந்துதான் அடிச்சிருக்காராம்,” என்றார் பூமிராஜன். “போய் சோப்புப் போட்டுக் கை கழுவு.”

சட்டியையும் தட்டையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கழிவறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது.

அவன் வாசலிலேயே நின்றான். ஓடலாம். எங்கே ஓடுவது, மேல்மாடியில்தானே வீடு.

பூமிராஜன் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். காக்கி இல்லை. கட்டம்போட்ட சட்டை. பொத்தான் மாறிப்போய் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. மேலே போகும் படியைக் காட்டினார்.

அவன் முன்னால் ஏறினான். பின்னால் அவர் வரும் சத்தம்.

திருப்பத்தில் அந்தச் சத்தம் நின்றது.

திரும்பிப் பார்த்தான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பூமிராஜன் படியில் உட்கார்ந்திருந்தார்.

“கொஞ்சம் இருங்க சார்,” என்றார். “கால் ஆடுது.”

அவன் இறங்கி வந்து, மரியாதைக்கு ஒரு படி கீழே, உட்கார்ந்தான்.