மாசிலாமணியின் கோபம்

மாசிலாமணியின் பழைய கம்ப்யூட்டர் என்ன செய்தும் திறக்கவில்லை. மகளின் சிறுவயதுப் படங்களெல்லாம் அதற்குள்தான் இருந்தன. வீட்டுக்கு வந்த மெக்கானிக் பெனிட்டா, கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மூடினாள்.

"ரிப்பேர் ஒண்ணுமில்ல சார். இது வாங்கினவரோட குணத்தைப் பார்த்துத் திறக்கிற மாடல். வாங்கினப்ப நீங்க எப்படி இருந்தீங்க?"

"எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுவாரு," என்றாள் மனைவி தில்லைநாயகி.

மாசிலாமணி தலைகுனிந்தார். பல வருடத் தியானத்தில் அவர் பரமசாதுவாகிவிட்டிருந்தார்.

"அப்படின்னா பழையபடி ரெண்டு திட்டு திட்டுங்க. ஆள் யாருன்னு அதுக்குத் தெரியட்டும்," என்றாள் பெனிட்டா.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சனியனே... கொஞ்சம் தயவுசெஞ்சு திறந்துக்கோயேன்."

திரை இருட்டாகவே இருந்தது. மேசையில் ஓங்கிக் குத்தினார். உடனே மேசையைத் தடவிக்கொடுத்தார்.

தில்லைநாயகிக்குப் பொறுக்கவில்லை. "ஒரு திட்டுகூட ஒழுங்கா வராதா? இந்த வீட்ல எல்லாத்தையும் நானேதான் கட்டிக்கிட்டு அழணுமா?" என்று கத்தினாள்.

கம்ப்யூட்டர் பதறி எழுந்தது. "வணக்கம், மாசிலாமணி சார்!"

தில்லைநாயகி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். மாசிலாமணி அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரப் போனார்.