மாவு தட்டும் கை

மேடம் முகத்துக்குப் பூசி முடித்து வருவதற்குள் ரொட்டி மாவைப் பதமாக்கி வைக்க வேண்டும். பிசைந்துகொண்டிருக்கிறேன்.

‘வீடே என் உலகம்’ என்று போனில் வீடியோ போடுகிறவர் மேடம். ஊரே பார்க்கிறது.

அவர் கேமராவைப் பார்த்து நிற்பார். நான் முதுகுக்குப் பின்னால் ஒட்டி நின்று, அவர் இடுப்புக்கு இரண்டு பக்கமும் கையை நீட்டிப் பிசைவேன். இரண்டு பேருக்கும் ஒரே சட்டைத் துணி, ஒரே வளையல். அவருடைய கைகள் பின்னால் மடங்கி என் வயிற்றில் சில்லென்று படும். அசையாது. படத்தில் ஒரே பெண்தான்.

இங்கே என் பெயர் ‘கை’.

“வேலைக்குப் போறவங்களைக் குறை சொல்லல. ஆனா குழந்தைக்கு வேண்டியது அம்மா கைதானே,” என்பார். அந்தப் பேச்சு முதுகு வழியாக வந்து என் நெற்றியில் அதிரும்.

பிசைந்ததும் மாவைத் தட்டுவேன். இரண்டு தட்டு மெதுவாக, ஒன்று வேகமாக. பழக்கதோஷம்.

“அது நல்லா இருக்கு, விட்டுடாத,” என்றார் மேடம்.

வெளியே மூச்சு விட்டால் வேலை போய்விடும். வீட்டில் பொட்டலம் போடுகிற வேலை என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்று வீட்டுக்குள் நுழைந்தால், மாமியார் மடியில் என் மகள். எதிரே போன், அதில் மேடம். மாமியாருக்குப் போன் பிடிக்கவே வராது. கட்டைவிரல் எப்போதும் திரைமேல் கிடக்கும்.

“வந்துட்டியா? இங்க பாரு, என்னமா பிசையறா மகராசி. வீட்டோட இருக்கா.”

“பாப்பா, வா,” என்றேன்.

மகள் திரும்பவே இல்லை. திரையைத் தடவி, “அம்மா,” என்றாள்.



“அத்தை, இனிமே அதைக் காட்டாதீங்க. அவங்களையே அம்மான்னு நினைச்சுடப் போறா.”

“நினைக்கட்டும். இது இல்லாம பகல்ல கண்ணே மூட மாட்டேங்கறா.”

“அப்ப நான் வேலைய விட்டுடறேன்.”

“சும்மா இரு. இப்படி வந்து உக்காரு.”

போனிலிருந்து மாவு தட்டும் சத்தம். இரண்டு மெதுவாக, ஒன்று வேகமாக. மகளுக்குக் கண் செருகியது.

அப்போதுதான் கவனித்தேன். மேடத்தின் முகம் திரையில் எந்தப் பக்கம் போனாலும், மாமியாரின் கட்டைவிரல் கூடவே நகர்ந்து அதை மூடியது.

“முகத்தை நான் காட்டறதே இல்லடி. பிள்ளையத் தூங்க வைக்கற மாதிரி மாவைத் தட்டறவ, இந்த உலகத்துல வேற எவ இருக்கா?”

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். மாமியார் என் கையைப் பிடித்து மகளின் முதுகில் வைத்து—

“கை எங்கே? கையை வரச் சொல்லுங்க, மேடம் வந்து நின்னாச்சு,” என்று கேமரா பக்கத்திலிருந்து குரல் வருகிறது.